பகிடி வேறு, வதை வேறு

இலங்கைத் தமிழுக்கென்று இருக்கும் நல்ல சொற்களில் ஒன்று ‘பகிடி’. சாப்பாட்டு மேசையிலும், வகுப்பறையின் கடைசி வாங்கிலும், கலியாண வீட்டு அடுப்படியிலும் அது நம்மோடு இருக்கிறது. அதே சொல்லின் பின்னால் ‘வதை’யை ஒட்டி ‘பகிடிவதை’ என்றும் ஒரு சொல்லை நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைக்கு அந்தப் பெயர். அதைத் தடை செய்வதற்கென்று 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் சொல் வழக்கொழியவில்லை. செய்தவர்களைக் கேட்டால், “சும்மா பகிடிக்குத்தான்” என்பதே பதில்.

பகிடி எந்த இடத்தில் முடிந்து வதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது சிறிய கேள்வி அல்ல. ‘பெண்பிள்ளைக்குப் பகிடி எதற்கு?’ என்று சொல்லி அந்தக் கேள்வியையே மூடிவிடுவது நமது வீடுகளில் ஒரு வழக்கம். சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு ‘வாய்க்காரி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். மறுபக்கம், கைத்தொலைபேசியில் வரும் துண்டுக் காட்சிகளைப் பார்த்து, ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் ஊர்ப் பேச்சையும் கேலி செய்வதே நகைச்சுவை என்று பழகிக்கொள்ளும் வழக்கமும் வளர்கிறது. இரண்டு தரப்பும் ஒரே எண்ணத்தில்தான் நிற்கின்றன: நகைச்சுவை நாக்கின் வேலை என்ற எண்ணம்.

என் கருத்து வேறு. நகைச்சுவை முதலில் காதின் வேலை. காது திறந்திருக்கும் வரை அது பகிடி. காது மூடிக்கொண்டால் வதை. இதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நமக்குத் தூரமான ஒருவர். எமி போலர் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். பிரதியில்லாத நாடகத்தில் தொடங்கி, தொலைக்காட்சியில் புகழ் பெற்று, ஐம்பது வயதைக் கடந்தபின் பொட்காஸ்ட் நடத்துபவர். அவர் வென்ற இடங்களும் தவறிய இடமும் ஒரே பாடத்தையே சொல்கின்றன.

முதலில் அந்தக் கலையைப் பற்றி. ஆங்கிலத்தில் ‘இம்ப்ரொவைசேஷன்’ என்று சொல்லி, ‘இம்ப்ரொவ்’ என்று சுருக்குவார்கள். எழுதிய வசனம் கிடையாது. ஒத்திகை பார்த்த கதையும் கிடையாது. சபையிலிருந்து யாரோ ஒருவர் ஒரு சொல்லைக் கொடுப்பார். ‘குடை’ என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நிற்கும் நாலைந்து பேர் அந்தக் குடையிலிருந்து ஒரு நாடகத்தை அந்த நிமிடத்திலேயே உண்டாக்க வேண்டும்.

இந்தக் கலையின் வேர் ஒரு பெண்ணின் கையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. வயலா ஸ்போலின் 1906 இல் பிறந்தவர். சிக்காகோ நகரில் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழியும் 1889 இல் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ என்ற சமூக நிலையத்தில், நீவா பொய்ட் என்ற ஆசிரியையிடம் விளையாட்டு மூலம் கற்பிக்கும் முறையை அவர் படித்தார். பிறகு 1930களின் இறுதியில் அரசாங்க வேலைத்திட்டம் ஒன்றின் கீழ் அதே நகரின் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தார். பல தேசத்துப் பிள்ளைகள். வீட்டில் பேசும் மொழிகள் வேறு வேறு. வசனத்தை மனனம் செய்யச் சொன்னால் பாதிப் பேர் பின்தங்கிவிடுவார்கள். அதனால் அவர் விளையாட்டுகளை உருவாக்கினார். ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடி போலச் செய்வது, இல்லாத கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பது போன்றவை. மற்றவரைக் கவனிக்காமல் இந்த விளையாட்டு எதையும் விளையாட முடியாது. அவருடைய மகன் போல் சில்ஸ் 1959 இல் நண்பர்களோடு சேர்ந்து சிக்காகோவில் ‘செகண்ட் சிட்டி’ அரங்கைத் தொடங்கியபோது, தாயின் விளையாட்டுகளே அதன் அடித்தளமாயின. ஆக, யாரையும் சிரிக்க வைப்பதற்கு முன்பே, மொழி தெரியாத பிள்ளையை வெளியே விடாமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்காக உண்டான கலை இது.

எமி போலர் அந்தச் சிக்காகோவுக்குப் போனது 1990களின் தொடக்கத்தில். 1971 செப்டெம்பர் 16 ஆம் திகதி மசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, பேர்லிங்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தாயும் தந்தையும் பாடசாலை ஆசிரியர்கள். பொஸ்டன் கல்லூரியில் படிக்கும்போது அங்கிருந்த மாணவர் இம்ப்ரொவ் குழுவில் சேர்ந்தார். 1993 இல் பட்டம் பெற்றதும் சிக்காகோவுக்குப் புறப்பட்டார். அங்கே ‘இம்ப்ரொவ் ஒலிம்பிக்’ என்ற அரங்கில் ஷார்னா ஹல்பர்னிடமும் டெல் குளோஸிடமும் கற்றார். அந்த அரங்கில்தான் டீனா ஃபே என்ற இன்னொரு இளம் பெண்ணைச் சந்தித்தார். அந்த நட்பு இன்றுவரை நீடிக்கிறது.

அங்கே கற்பிக்கப்படும் முதல் விதியை எல்லோரும் அறிவார்கள்: “ஆம், இன்னும்…” மேடையில் உன் தோழி உன்னிடம் ஓடிவந்து, “டொக்டர், கை வலி தாங்க முடியல்ல” என்கிறாள் என்று வைத்துக்கொள். “நான் டொக்டர் இல்லையே” என்று சொன்னால் சபை ஒருதரம் சிரிக்கும். ஆனால் தோழி நடுமேடையில் தனியே நிற்பாள். நாடகம் அந்த இடத்திலேயே செத்துவிடும். “ஓம், போன கிழமையும் இதே கையோடதானே வந்தீங்க, நான் சொன்ன மாதிரி மா பிசையிறத விட்டீங்களா?” என்று கேட்டால், அவளுக்கு ஒரு வீடு கிடைக்கிறது, ஒரு பிடிவாதம் கிடைக்கிறது, அடுத்த வசனத்துக்கு ஓர் இடம் கிடைக்கிறது. முதற் பதிலில் சிரிப்பு உனக்கு. இரண்டாவதில் சிரிப்பு இருவருக்கும். இந்த இரண்டாவதைச் செய்ய அவள் சொன்னதை முழுவதும் கேட்டிருக்க வேண்டும். மனதுக்குள் சொந்த வசனத்தைத் தயாரித்துக்கொண்டு நிற்பவரால் அது முடியாது.

1996 இல் எமியும் மூன்று ஆண் நண்பர்களும் ‘அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட்’ என்ற தங்கள் குழுவோடு நியூயோர்க் போனார்கள். மட் பெஸர், இயன் ரொபர்ட்ஸ், மட் வோல்ஷ் என்ற அந்த மூவரோடு நான்காமவராக நின்ற ஒரே பெண் அவர். 1998 முதல் 2000 வரை தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். 1999 இல் நகரத்தின் ஒரு தெருவில் சிறிய அரங்கு ஒன்றைத் திறந்து, அதனுடன் ஒரு பயிற்சிப் பள்ளியையும் நடத்தினார்கள். நுழைவுச்சீட்டின் விலையை மாணவர்களால் கொடுக்கக்கூடிய அளவில் வைத்தார்கள். கேட் மக்கினன், டொனால்ட் குளோவர், ஓப்ரி பிளாசா என்று பின்னாளில் பெயர் பெற்ற பலர் அந்த மேடையில் பழகியவர்கள்.

இந்தக் கதையில் ஒரு கீறலும் உண்டு. அந்த அரங்கில் நடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. சீட்டு மலிவாக இருக்க வேண்டும், புதியவர்களுக்கு மேடை கிடைக்க வேண்டும் என்பது நிறுவியவர்களின் நியாயம். பல வருடங்கள் உழைத்தும் ஒரு சதம் கிடைக்கவில்லை என்பது நடிகர்களின் நியாயம். 2013 இல் இது வெளிப்படையான விவாதமானது. ‘ஆம், இன்னும்’ என்பதை மேடையில் சொல்வது எளிது. கணக்குப் புத்தகத்தில் சொல்வது கடினம். மற்றவரைக் கேட்பது என்றால் அவருடைய வயிற்றையும் கேட்பதுதான் என்று அந்த விவாதம் நினைவூட்டுகிறது.

2001 செப்டெம்பர் 29 ஆம் திகதி எமி ‘சட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தோன்றினார். 1975 முதல் நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் நகைச்சுவை நிகழ்ச்சி அது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்று கிழமைகூட ஆகாத நேரம். அந்த நகரத்தில் சிரிப்பது சரியா என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த இரவில் அவருடைய தேசிய மேடை தொடங்கியது.

நிகழ்ச்சியில் ‘வீக்எண்ட் அப்டேட்’ என்று ஒரு செய்தி நையாண்டிப் பகுதி உண்டு. அதை இரண்டு பெண்கள் சேர்ந்து வாசித்தது 2004 இல்தான் முதல் தடவை. அந்த இருவர் டீனா ஃபேயும் எமி போலரும். தொடங்கி 29 வருடங்கள் கழித்து நடந்த காரியம். நடுவிலிருந்த காலமெல்லாம் அவர்கள் நாட்டிலும், ‘பெண்களுக்கு நகைச்சுவை வராது’ என்ற பேச்சு தாராளமாகவே இருந்தது. ‘வாய்க்காரி’ என்ற பட்டம் நம் ஊரில் மட்டும் அச்சடிக்கப்படுவதல்ல.

எமி அந்த நிகழ்ச்சிக்குப் புதிதாக வந்த நாட்களில் நடந்த ஒன்றை டீனா ஃபே எழுதியிருக்கிறார். எழுத்தாளர்கள் கூடும் அறையில் எமி ஏதோ ஒரு கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தாராம். சக நடிகர் ஒருவர், அது ஒரு பெண்ணுக்கு அழகாக இல்லை, தனக்குப் பிடிக்கவில்லை என்ற கருத்தில் விளையாட்டாகச் சொன்னாராம். எமி ஒரு கணம் முகம் கறுத்துத் திரும்பி, உனக்குப் பிடிக்கிறதா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று காரமாகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாராம். அவர் பாவித்த சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தச் சம்பவம் என் வாதத்துக்குத் தேவை. ‘கேள்’ என்று நான் சொல்வதை ‘அடங்கிப்போ’ என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஒருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது வேறு. தன் மதிப்பை அவருடைய வாயிலிருந்து எதிர்பார்த்து நிற்பது வேறு.

2008 ஒக்டோபரில், ஜனாதிபதித் தேர்தல் சூட்டின் நடுவே, நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த எமி, வேட்பாளர் சாரா பேலினைப் பற்றிய ரப் பாடலொன்றை, அதே பேலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நேரடி ஒளிபரப்பில் பாடினார். ஒரு கிழமையில் குழந்தை பிறந்தது. யாரைப் பற்றிப் பகிடியோ அவர் அங்கேயே இருந்தார், அதுவும் அதிகாரத்துக்குப் போட்டியிடும் ஒருவராக. வலியவரைப் பார்த்து அவருடைய முகத்துக்கு நேரே சொல்லும் பகிடிக்கும், மெலியவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் சொல்லும் பகிடிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

அந்தத் தூரத்தை அதே 2008 இல் எமியே தாண்டிவிட்டார். ஒரு குறுநாடகத்தில், உடற்குறையோடு வாழும் ஒரு பெண்ணைக் கேலிப் பொருளாக்கும் பகுதி இருந்தது. உண்மையில் வாழும் ஒருவரை அது தொடுகிறது என்பது தனக்குத் தெரியாது என்று எமி பின்னர் சொன்னார். நடிகர் கிறிஸ் கூப்பரும் அவருடைய மனைவியும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். குறையோடு பிறந்த தங்கள் மகனை இழந்த பெற்றோர் அவர்கள். கடிதத்தைக் கண்டதும் எமிக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். தன்னைப் போய் இப்படிச் சொல்வதா என்ற கோபம். பல வருடங்கள் அதை உள்ளே வைத்திருந்தார். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்தப் பெண்ணும் பெருந்தன்மையோடு பதில் எழுதினார். இதையெல்லாம் எமி 2014 இல் வெளியான தன் ‘யெஸ் ப்ளீஸ்’ நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கேட்பதையே தொழிலாகப் படித்த ஒருவருக்கும் காது மூடிக்கொள்ளும் கணம் வருகிறது. மேடையில் எதிரே நிற்கும் தோழியின் குரல் அவருக்குக் கேட்டது. மேடையில் இல்லாத, சக்கர நாற்காலியில் வாழும் பெண்ணின் குரல் கேட்கவில்லை. ‘தெரியாது’, ‘சும்மா பகிடிக்குத்தான்’ என்ற சமாதானங்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. காயப்பட்டவர் வாய் திறக்கும்போது, ‘உனக்குப் பகிடி விளங்காது’ என்று சொல்கிறோமா, அல்லது பிந்தியாவது கேட்கிறோமா?

முஸ்லிம் பிள்ளைகளாகிய நமக்கு இந்த எல்லை புதிதல்ல. ஸூறதுல் ஹுஜுராத், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. அங்கே பெண்களைத் தனியாக எடுத்துச் சொல்லியிருப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பது கண்டிக்கப்பட்டிருப்பதையும் நாம் ஓதியிருக்கிறோம். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்பதே அங்கே தரப்படும் காரணம். அதேநேரம் நமது மார்க்கம் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் பகிடி பேசியிருக்கிறார்கள். பகிடியிலும் உண்மையை மட்டுமே பேசினார்கள். அபூ உமைர் என்ற சிறுவனின் குருவியைப் பற்றி அவனிடமே எதுகையோடு விளையாட்டாகக் கேட்ட ஹதீஸை நாம் அறிவோம். பெரிய பொறுப்புகளைச் சுமந்த ஒருவர், ஒரு சிறுவன் வளர்த்த சிறு குருவியைக் கவனித்து, அதன் பெயரால் அவனோடு கதைத்திருக்கிறார்கள். பிள்ளையின் உலகத்துக்குக் காது கொடுத்ததால் பிறந்த பகிடி அது.

எமியின் பிந்திய வேலைகளில் அந்தக் காது மீண்டும் திறந்திருப்பதைக் காணலாம். 2009 முதல் 2015 வரை ஓடிய ‘பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்’ தொடரில் லெஸ்லி நோப் என்ற சிற்றூர் அரசாங்க உத்தியோகத்தராக நடித்தார். கோப்புகளையும் பூங்காக்களையும் மனமார நேசிக்கும் ஒரு பெண். இப்படிப்பட்ட பாத்திரத்தை ‘வேலைப் பைத்தியம்’ என்று இளக்காரம் செய்வது சுலபம். தொடரோ அவளுடைய உழைப்பை மதித்தபடியே நம்மைச் சிரிக்க வைத்தது. எழுதிய வசனத்தை நடித்து முடித்தபின், ஒரு தடவை எல்லோரும் தத்தம் விருப்பப்படி நடித்துப் பார்க்கும் வழக்கமும் அந்தப் படப்பிடிப்பில் இருந்தது. சிக்காகோவின் பழக்கம் அங்கேயும் தொடர்ந்தது. 2014 இல் அந்தப் பாத்திரத்துக்காக அவருக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

நம்மில் பலர் முகம் தெரியாமலே அவருடைய குரலைக் கேட்டிருப்போம். 2015 இல் வந்த ‘இன்சைட் அவுட்’ கார்ட்டூன் படத்தில் ‘மகிழ்ச்சி’ என்ற பாத்திரத்தின் குரல் அவருடையது. அந்தப் படத்தில் ஒரு காட்சி. பிங் பொங் என்ற பாத்திரம் தன் வண்டியைப் பறிகொடுத்து உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. மகிழ்ச்சி அதைச் சிரிக்க வைக்க என்னென்னவோ வித்தை காட்டுகிறாள், ஒன்றும் பலிக்கவில்லை. சோகம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது சொல்வதைக் கேட்கிறாள். கொஞ்சம் அழுதுவிட்டுப் பிங் பொங் எழுந்து நடக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்த ஒருவர், சிரிப்புக் காட்டித் தோற்றுப்போகும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தது பொருத்தமாகவே இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்காகவும் அவர் ஒரு காரியம் செய்தார். 2008 இல் இரண்டு தோழியரோடு ‘ஸ்மார்ட் கேர்ள்ஸ் அட் த பார்ட்டி’ என்ற இணைய நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஏதாவது ஒன்றில் ஆர்வமுள்ள சாதாரணப் பிள்ளைகளை அழைத்து, அவர்களுடைய ஆர்வத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்பது போலவே மரியாதையாகக் கேட்டார். தொலைக்காட்சியில் பெண்பிள்ளைகளின் தோற்றத்தைப் பற்றியே பேச்சு இருந்த காலத்தில், ‘உனக்கு எதில் விருப்பம்?’ என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டது சிறிய காரியமாக எனக்குத் தெரியவில்லை.

இனிப் பொட்காஸ்ட். விரும்பிய நேரத்தில் கேட்கக்கூடிய உரையாடல் நிகழ்ச்சிகள் இன்று பெருகிவிட்டன. பலவற்றில் நடத்துபவரே பேசுகிறார்; விருந்தினர் தலையாட்டுகிறார். எமி 2023 இல் ஷீலா என்ற போலி உளவளத்துணை டொக்டராக, பெரும்பாலும் பிரதியில்லாமலே, ஒரு பொட்காஸ்ட் செய்தார். 2025 மார்ச்சில் தன் சொந்தப் பெயரிலேயே ‘குட் ஹேங்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் விருந்தினர், 1990களில் சிக்காகோவில் சந்தித்த அதே டீனா ஃபே.

இந்த நிகழ்ச்சியின் ஓர் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது. விருந்தினர் வந்து உட்காருவதற்கு முன், அவரை நன்கறிந்த ஒருவரோடு எமி கதைக்கிறார். நண்பர், சகோதரர், கூட வேலை செய்தவர் என்று யாராவது ஒருவர். ‘அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் நல்லது பேசுவோம்’ என்பதே அந்தப் பேச்சின் நோக்கம். பிறகு, ‘அவரிடம் நான் என்ன கேட்க வேண்டும்?’ என்று அந்த நண்பரிடமே ஒரு கேள்வியை வாங்கிக்கொள்கிறார். விருந்தினர் வந்ததும் அந்தக் கேள்வி அவரிடம் போய்ச் சேர்கிறது. பல பேர் அதைக் கேட்டு நெகிழ்ந்துபோகிறார்கள். கடைசியில், உங்களைச் சிரிக்க வைப்பது எது என்று கேட்டு முடிக்கிறார்.

புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பானது என்று அதே ஸூறதுல் ஹுஜுராத்தில் படித்த நாம், ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். இல்லாதவரைப் பற்றிப் பேசாமலே இருக்க முடியாது. தோழியர் கூடினால் இல்லாத தோழியின் பெயர் வரத்தான் செய்யும். வந்த பெயரை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியின் தொடக்கமாக ஒருவர் அதை நல்ல பக்கம் திருப்பிக் காட்டுகிறார் என்றால், நமது மதிய இடைவேளையில் அது முடியாத காரியமா?

சிலர் கேட்கலாம்: அவருடைய பகிடிகள் எல்லாம் நமக்கு ஏற்றவையா? இல்லை. ஏற்காதவை நிறைய உண்டு. மேலே நானே ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். ஒருவருடைய தொழிலிலிருந்து ஒழுங்கைக் கற்பதற்கு அவருடைய வாழ்க்கை முறையையோ ஒவ்வொரு வசனத்தையோ ஏற்கத் தேவையில்லை. இன்னும் சிலர், இதெல்லாம் மேலதிகம், பரீட்சைக்கு உதவுமா என்பார்கள். தமிழ் மொழித் தினப் போட்டிக்குப் பேச்சை மனனம் செய்து, நடுவில் ஒரு வரி மறந்ததும் கண்கலங்கி இறங்கும் பிள்ளைகளை எல்லாக் கல்லூரிகளிலும் காணலாம். மனனம் செய்த வரியை மட்டும் நம்பி நின்றவளுக்கு, அது போனால் வேறு பிடி இல்லை. எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசப் பழகியவளுக்குச் சபையே பிடியாகிறது. நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போதும், நாளை வைத்தியராகவோ ஆசிரியையாகவோ ஒருவரின் முன் உட்காரும்போதும் இந்தப் பழக்கம் வேண்டியிருக்கும்.

ஆகவே என் யோசனை எளியது. நமது தமிழ் இலக்கிய மன்றக் கூட்டங்களில் பாட்டு, பேச்சு, கவிதையோடு பத்து நிமிடம் பிரதியில்லா நாடகத்துக்கும் ஒதுக்குவோம். செலவு இல்லை, உடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். இரண்டு பேர், சபையிலிருந்து ஒரு சொல், ‘ஆம், இன்னும்’ என்ற விதி போதும். அதோடு ஒரு விதியை நாமாகச் சேர்த்துக்கொள்வோம்: அறையில் இல்லாத எவரும் பகிடிக்குப் பொருளாக மாட்டார். எப்போதும் முன்னால் நிற்பவளை விட்டுவிட்டு, ஒருநாளும் கை உயர்த்தாத பிள்ளையிடம் முதலில் சொல்லைக் கேட்போம். அவள் ‘குடை’ என்று சொன்னால் குடையிலிருந்தே தொடங்குவோம்.

உயர்தரம் முடித்து நம்மில் சிலர் பல்கலைக்கழகம் போவோம். முதல் வருடத்தில் யாரோ நமது பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ‘ஒரு பகிடி விடு பார்ப்போம்’ என்று நம்மை நிறுத்தி வைக்கக்கூடும். அடுத்த வருடம் நிறுத்தி வைக்கும் இடத்தில் நாம் இருப்போம். பெட்டியும் பையுமாக, வழி தெரியாமல், வீட்டை விட்டு முதல் தடவையாக வந்த ஒருத்தி வாசலில் நிற்பாள். அவளுடைய பெயரையும் ஊரையும் நாமும் கேட்போம். கேட்டபின், “ஓம், அந்த ஊரா? இன்னும் சொல்லுங்க” என்று அவளோடு சேர்ந்து நடக்கப் பழகியிருந்தால், அந்தப் பழைய சொல்லிலிருந்து ‘வதை’யைக் கழற்றும் வேலையில் ஒரு சிறு பங்கு நம்முடையதாக இருக்கும்.